ஆங்கிலம் பேசும்போது அழுத்தமும் தாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கணம் சரியாக இருக்கிறது, சொற்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஃபோனில் எதிர்முனையில் இருப்பவர் "ஸாரி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இந்தச் சிக்கலில் இருக்கும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும் முன் இரண்டு குறிப்புகள். ஒரு சொல்லில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற சிறு கோடு போட்டிருக்கிறேன். ஆங்கில அகராதிகளிலும் இதே குறிதான் இருக்கும். அசை என்று இங்கே நான் சொல்வது சிலபிளை. யாப்பிலக்கணத்தின் நேர், நிரைக் கணக்கை அல்ல. கம்-ப்யூ-டர் என்றால் மூன்று அசை, அவ்வளவுதான்.

அழுத்தம் என்றால் அந்த இடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமா?

சத்தம் அதில் ஒரு சிறு பங்குதான். அழுத்தம் பெறும் அசை கொஞ்சம் நீளும், குரலின் சுருதி அங்கே மாறும், உயிரெழுத்து முழு உருவத்தோடு தெளிவாக ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கிப் போகும். பிரிட்டனைச் சேர்ந்த ஒலியியலாளர் டென்னிஸ் ஃப்ரை 1950-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே சொல்லின் ஒலியில் நீளத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக மாற்றிக் கேட்கவைத்தபோது, கேட்பவர்கள் அழுத்தம் எங்கே என்று முடிவு செய்ய சத்தத்தைவிட நீளமே அதிகம் உதவியது. சுருதி மாற்றம் அதைவிடவும் வலுவானது என்று பிறகு காட்டினார்.

நம் ஆட்கள் பலர் "ஸ்ட்ரெஸ் கொடுங்கள்" என்றால் உடனே குரலை உயர்த்துகிறார்கள். அதில் பயன் குறைவு. இழுங்கள், கத்தாதீர்கள்.

தமிழில் இப்படி ஒன்று இல்லையா?

சொல்லின் பொருளை மாற்றுகிற அழுத்தம் தமிழில் இல்லை. படி வேறு, பாடி வேறு என்பது நமக்குக் குறில், நெடிலால் தெரிகிறது. படி என்பதில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் அது படிதான். ஆங்கிலத்தில் ˈரெ-கார்ட் என்றால் பதிவு, ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய். ˈப்ரெ-ஸண்ட் பரிசு, ப்ரி-ˈஸெண்ட் என்றால் மேடையில் நின்று வழங்குவது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஆனால் அசை சுருங்குவது நமக்குப் புதிதல்ல. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று தொல்காப்பியக் காலத்திலேயே கணக்கு வைத்தவர்கள் நாம். "பாட்டு", "காற்று" என்பவற்றின் கடைசி உகரத்தை யாரும் இதழ் குவித்து முழுதாகச் சொல்வதில்லை. "முடிவில் இருக்கும் உகரத்தைச் சுருக்கு" என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வருகிறது. ஆங்கிலத்தில் அதே சுருக்கம் சொல்லின் எந்த மூலையிலும் நடக்கிறது. பழக வேண்டியது அதைத்தான்.

இடம் மாறி அழுத்தினால் உண்மையிலேயே புரியாமல் போகுமா, அல்லது கேட்பவர்கள் அலட்டிக்கொள்கிறார்களா?

சில பேர் அலட்டிக்கொள்வார்கள், அது தனி. ஆனால் பெரும்பாலும் நிஜமாகவே புரிவதில்லை. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஒரே ஓட்டமாக வருவதைக் காதுதான் வெட்டிக்கொள்ள வேண்டும். எங்கே வெட்டுவது? ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் காது, வலுவான அசை வந்ததும் "இங்கே புதுச் சொல் தொடங்குகிறது" என்று ஊகிக்கிறது. 1988-இல் ஆன் கட்லரும் டென்னிஸ் நோரிஸும் சோதனை மூலம் முன்வைத்த கருத்து இது. ஊகம் மோசமானதல்ல. ஆங்கிலப் பேச்சில் வரும் பொருளுள்ள சொற்களில் 10-க்கு 9 வலுவான அசையில்தான் தொடங்குகின்றன என்று கட்லரின் இன்னோர் ஆய்வு எண்ணிக் காட்டியது. அழுத்தத்தை நாம் இடம் மாற்றினால் அவர்கள் தவறான இடத்தில் வெட்டுகிறார்கள். பிறகு வாக்கியம் முழுவதுமே குழம்புகிறது.

நாம் தினமும் சொல்கிற சொற்களையே பாருங்கள். டிசம்பர் என்று தமிழில் எழுதும்போதே நடு அசை "ச" ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது டி-ˈஸெம்-பர். முழு உயிரோடு நிற்க வேண்டிய ஒரே அசையைத்தான் நாம் சுருக்கியிருக்கிறோம். நவம்பர், செப்டம்பருக்கும் இதே கதை. ஹோட்டல் என்பது அங்கே ஹோ-ˈடெல். டெவலப் என்பது டி-ˈவெ-லப். தமிழுக்குள் இவை தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன, அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆங்கிலம் பேசும்போது அதே வடிவத்தைக் கொண்டுபோனால்தான் சிக்கல். எல்லாம் இப்படி என்றும் இல்லை: பலூன் என்ற சொல்லின் இரண்டாம் அசையை நாம் நெடிலாகவே வைத்திருக்கிறோம், ஆங்கிலத்தின் அழுத்தமும் சரியாக அங்கேதான்.

ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்சால், 1960-களில் இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்தார். சொல் அழுத்தம் இடம் மாறுவது அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று.

எந்த அசையில் அழுத்தம் என்று கண்டுபிடிக்க விதி இருக்கிறதா?

முழுமையான விதி இல்லை. கை கொடுக்கும் விதிகள் சில இருக்கின்றன. சொல்லின் வாலைப் பாருங்கள், அதுதான் மிகவும் நம்பகமானது. "ஷன்" என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எ-டு-ˈகே-ஷன், இன்-ஃபர்-ˈமே-ஷன். "இக்" என்று முடிந்தாலும் அப்படியே: ஈ-க-ˈநா-மிக், இ-ˈலெக்-ட்ரிக். "இட்டி" என்று முடிந்தாலும் அதற்கு முந்தைய அசை: இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. அரபிக், பாலிடிக்ஸ் போன்ற சில சொற்கள் மட்டும் முதல் அசையிலேயே நிற்கும் விலக்குகள்.

வால் மாறும்போது அழுத்தமும் நகரும். ˈஃபோ-ட-கிராஃப், ஃப-ˈடா-க்ர-ஃபி, ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். ஒரே குடும்பத்துச் சொற்கள் மூன்று, அழுத்தம் மூன்று இடங்களில். அழுத்தம் போன அசையின் உயிர் எப்படி "அ" ஆகச் சுருங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

"நியர்", "டியர்" என்று முடியும் தொழில், ஆள் பெயர்களில் அழுத்தம் வாலிலேயே விழும்: என்-ஜி-ˈநியர், வா-லன்-ˈடியர். எஞ்சினியர்கள் நிறைந்த ஊரில் இதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

இரண்டு அசைப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் முதல் அசை, வினைச்சொற்களில் பல நேரம் இரண்டாவது. பெயருக்கும் வினைக்கும் எழுத்து ஒன்றாக இருக்கும் எல்லாச் சொற்களும் ரெக்கார்ட் போல இடம் மாறும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ரி-ˈபோர்ட், கன்-ˈட்ரோல் போன்றவை பெயரானாலும் வினையானாலும் ஒரே இடத்தில்தான்.

ஐடி அலுவலகங்களில் உதவும் ஒன்று: ˈபேக்அப் என்றால் எடுத்து வைத்த நகல்; பேக் ˈஅப் என்றால் நகலெடு. ˈலாகின், லாக் ˈஇன் என்பதும் அப்படியே. அப்புறம், எழுத்துகளாகச் சொல்லும் சுருக்கப் பெயர்களில் கடைசி எழுத்துக்கே முதன்மை: பி-பி-ˈஸி, ஏ-டி-ˈஎம். நாம் ஏறக்குறைய எப்போதும் முதல் எழுத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறோம்.

ஷ்வா என்கிறார்களே, அது என்ன?

அழுத்தம் இல்லாத அசையில் வரும் சோம்பேறி உயிர். நாக்கும் உதடும் எந்த வேலையும் செய்யாமல் நடுவில் கிடக்கும்போது வரும் குட்டி "அ". ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான், ஆனால் இதற்கென்று தனி எழுத்து இல்லை. அகராதிகளில் ஆங்கிலச் சிறிய "ஈ" எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற குறியால் காட்டுவார்கள்.

நாம் எழுத்தைப் பார்த்து முழு உயிரைப் போடுகிறோம். சர்டிஃபிகேட் என்று கடைசியில் "கேட்" போடுகிறோம், அது ஸர்-ˈடி-ஃபி-கட். வெஜிடேபிள் என்கிறோம், அது ˈவெஜ்-ட-பிள். "ஏஜ்" என்று எழுத்தில் முடிவதில் பல, பேச்சில் "இஜ்" ஆகிவிடும்: ˈவில்-லிஜ், ˈமெஸ்-ஸிஜ். எஸ்டிமேட் போன்ற சொற்களில் இது பொருளையும் பிரிக்கிறது. மதிப்பீடு என்ற பெயராக வந்தால் கடைசி "மட்", மதிப்பிடு என்ற வினையாக வந்தால் "மேட்".

ஆங்கிலேயர்கள் ஏன் பாதிச் சொற்களை விழுங்கிவிடுகிறார்கள்?

விழுங்குவது ஒழுங்கில்லாமல் நடப்பதல்ல. பொருள் சுமக்கும் பெயர், வினை, உரிச்சொற்கள் நிமிர்ந்து நிற்கும். இலக்கண வேலை மட்டும் செய்யும் குட்டிச் சொற்கள் குனிந்துகொள்ளும். "டு" என்பது "ட" ஆகும், "அண்ட்" என்பது "அன்" ஆகும், "வாஸ்" என்பது "வஸ்" ஆகும்.

கையால் தாளம் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் "ˈகிட்ஸ் ˈஈட் ˈரைஸ்". அடுத்து "த ˈகிட்ஸ் ஆர் ˈஈட்டிங் த ˈரைஸ்". கடைசியாக "த ˈகிட்ஸ் ஷுடவ் ˈஈட்டன் ஸம் அவ் த ˈரைஸ்". மூன்றிலும் தட்டு மூன்றுதான். இடையில் எத்தனை அசை வந்தாலும் அவை தட்டுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகின்றன. தமிழ்க் காது இதை "வேகமாகப் பேசுகிறார்கள்" என்று எடுத்துக்கொள்கிறது. நம் பேச்சில் ஒவ்வோர் அசையும் தனக்குரிய மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்; கடைசி வாக்கியத்தை நாம் சொன்னால் முதல் வாக்கியத்தைப் போல மூன்று மடங்கு நேரம் எடுக்கும்.

இந்தக் குட்டிச் சொற்களில் விபரீதம் விளைவிக்கும் ஒன்று "கேன்". முடியும் என்று சொல்லும்போது அது "ஐ கன் ˈகோ". முடியாது என்றால் அமெரிக்கப் பேச்சில் "ஐ ˈகேன்ட் ˈகோ", அதன் கடைசி "ட்" காதில் சரியாக விழாமலும் போகலாம். நாம் "ஐ கேன் கோ" என்று கேனை முழுதாக நிறுத்திச் சொன்னால், அமெரிக்கர் "போக முடியாது" என்று புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. சந்திப்பு நேரத்தை ஒப்புக்கொள்ளும்போது இது முக்கியம்.

ஆங்கிலம் அழுத்தத்துக்கு அழுத்தம் சம நேரம் எடுக்கும் மொழி என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1945-இல் இந்தப் பிரிவினையைச் சொன்னார்: சில மொழிகளில் அழுத்தங்கள் சம இடைவெளியில் வரும், சிலவற்றில் அசைகள் சம நேரம் எடுக்கும். கேட்க அழகாக இருந்தது, பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆனால் கருவி வைத்து அளந்தபோது ஆங்கிலத்தில் அழுத்தங்களுக்கு நடுவே அப்படிச் சம இடைவெளி கிடைக்கவில்லை. 1983-இல் ரெபெக்கா டாவர், அழுத்தங்களின் இடைவெளி ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் எவ்வளவு சீராக இருக்கிறதோ ஆங்கிலத்திலும் அவ்வளவே என்று காட்டினார். நம் காதுக்குத் தாளம் வேறாகப் படுவதற்குக் காரணம் கடிகாரக் கணக்கு அல்ல; அழுத்தமில்லாத உயிர்கள் சுருங்குவதும், மெய்கள் கொத்துக் கொத்தாக வருவதும்தான். ஆகவே மெட்ரோனோம் என்ற, சீராகத் தாளம் தட்டும் கருவியை வைத்துப் பயிற்சி செய்ய வேண்டாம். கையால் தட்டுவது உணர்வதற்கு மட்டும்.

வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வகுப்புகளில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் கிடைக்கிறது.

தமிழில் ஒரு செய்தியின் முனை எங்கே இருக்கிறது என்று காட்ட நம்மிடம் ஒட்டுகள் இருக்கின்றன. "நான்தான் நேற்று வந்தேன்", "நான் நேற்றுதான் வந்தேன்". "ரவியா பணம் கொடுத்தான்?", "ரவி பணமா கொடுத்தான்?". தான், ஏ, ஆ, உம் என்று எதை எந்தச் சொல்லில் ஒட்டுகிறோமோ அங்கே கவனம் போகும். குரலை ஏற்றி இறக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எழுதினாலும் அது தெரியும்.

ஆங்கிலத்தில் இந்த ஒட்டுகளின் வேலையைப் பெரும்பாலும் அழுத்தமே பார்த்துக்கொள்கிறது. "ˈஐ கேம் யெஸ்டர்டே" என்றால் நான்தான் வந்தேன். "ஐ கேம் ˈயெஸ்டர்டே" என்றால் நேற்றுதான். "டிட் ˈரவி கிவ் த மனி?" என்றால் ரவியா. "டிட் ரவி கிவ் த ˈமனி?" என்றால் பணமா.

நமக்கு ஒட்டு வைத்துப் பேசியே பழக்கம். ஆங்கிலத்தில் ஒட்டு இல்லை, அழுத்தும் பழக்கமும் நமக்கு இல்லை. அதனால் "ஒன்லி" என்பதை எடுத்துத் தான்-ஆக மாற்றிக்கொண்டோம்: "ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி". கிண்டல் செய்யப்படும் இந்த வாக்கியத்துக்குள் தமிழ் இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக் காதுக்கு அது "நேற்று மட்டும்" என்று கேட்டுக் குழப்பும். ஒன்லியை எடுத்துவிட்டு யெஸ்டர்டேவின் முதல் அசையை இழுத்தால் போதும்.

எனவே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசும் முன், இதையே தமிழில் சொன்னால் "தான்" எங்கே வரும் என்று மனதுக்குள் கேளுங்கள். அந்தச் சொல்லை அழுத்துங்கள். குறிப்பாக எதையும் தூக்கிக் காட்ட வேண்டாம் என்றால், கடைசியாக வரும் பொருளுள்ள சொல்லில் அழுத்தம் தானாக விழும்: "ஐ பாட் அ நியூ ˈஃபோன்".

இன்னொரு பக்கமும் உண்டு. ஏற்கெனவே பேசப்பட்ட சொல்லை அழுத்தக் கூடாது. ஒருவர் "சிவப்புப் பேனா இருக்கிறதா?" என்று கேட்கிறார். உங்களிடம் நீலம் இருக்கிறது. "ஐ ஹேவ் அ ˈப்ளூ பென்" என்று நீலத்தைத் தூக்கி, பேனாவைக் கீழே விட வேண்டும். நாம் வழக்கமாக "ப்ளூ ˈபென்" என்கிறோம். கேட்பவர், பேனாவைப் பற்றி ஏதோ புதிதாகச் சொல்ல வருகிறார் போல என்று ஒரு கணம் தடுமாறுகிறார்.

13, 30 இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

13 என்பது தர்-ˈடீன், கடைசியில் நீட்டல். 30 என்பது ˈதர்-டி, கடைசி குறுகும். 14-40 முதல் 19-90 வரை இதே கணக்கு. ஒரு சங்கடம்: பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 13-இன் அழுத்தமும் முன்னால் தாவிவிடும், "ˈதர்டீன் ˈடேஸ்" என்று. பணம், ரயில் நேரம், ஆதார் எண் என்று வந்தால் "ஒன் த்ரீ" என்று இலக்கமாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா?

யாரோடு பேசுகிறீர்களோ அவர்கள் முறை. வேறுபடும் சொற்கள் கொஞ்சம்தான். விளம்பரம் என்ற பொருளில் பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மண்ட், அமெரிக்காவில் அட்-வர்-ˈடைஸ்-மண்ட். ஆய்வகம் பிரிட்டனில் ல-ˈபா-ர-ட்ரி, அமெரிக்காவில் ˈலா-ப்ர-டோ-ரி. கலந்து பேசினாலும் யாரும் சிறையில் போடப் போவதில்லை.

இதெல்லாம் பழகினால் போலி ஆக்ஸண்ட் ஆகிவிடாதா?

"ர"வை உருட்டி, மூக்கால் பேசுவதுதான் போலி. அழுத்தம் வேறு விஷயம். தமிழ் வாடை மாறாமலேயே டி-ˈஸெம்-பர் என்று சொல்ல முடியும்.

இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் ஒரு பட்டியல் முன்வைத்தார்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர், உதாரணமாக ஒரு ஜப்பானியரும் ஒரு பிரேசில்காரரும், பேசிக்கொள்ளும்போது புரிதலுக்கு எவை அவசியம் என்று. வாக்கியத்தின் முதன்மை அழுத்தம், உயிரின் நீளம் ஆகியவை அதில் இருந்தன. குட்டிச் சொற்களைச் சுருக்குவது, அழுத்தத்தை ஒட்டிய தாளம் ஆகியவை அவசியமில்லை என்றார். சொல் அழுத்தத்தையும் சேர்க்கவில்லை. இந்தக் கடைசியில் பலர் அவரோடு உடன்படவில்லை, நானும்தான். மற்றபடி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் பேசப்போவது பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் என்றால் "அன்", "ட" என்று சுருக்கப் பாடுபட வேண்டாம். அவர்களுக்கு முழுச் சொல்தான் சுலபம். ஆனால் மற்றவர்கள் சுருக்கிச் சொல்லும்போது காதில் வாங்கத் தெரிய வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா?

உண்டு. பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்களில் ஒன்று உச்சரிப்பு, அதாவது கால் பங்கு. அழுத்தமும் தாளமும் ஏற்ற இறக்கமும் அதில் கணக்கில் வருகின்றன. தமிழ் ஆக்ஸண்ட் இருப்பதற்காக மட்டும் மதிப்பெண் குறையாது. புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

தனியாக வீட்டில் எப்படிப் பழகுவது?

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிகளின் இணையப் பக்கங்களில் ஒலிபெருக்கிப் பொத்தான் இருக்கிறது. நீங்கள் உங்கள் வேலையில் தினமும் சொல்லும் சொற்களை முதலில் தேடுங்கள். மருந்துக் கடைக்காரருக்கு ஒரு பட்டியல், கணக்காளருக்கு வேறு பட்டியல். பொதுப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதில் பலன் குறைவு.

இன்னொன்று, பின்தொடர்ந்து பேசுவது. மெதுவாகப் பேசும் ஒருவரின் பேட்டியை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, அவர் பேசப் பேச அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லுங்கள். சொற்கள் வராவிட்டால் "த-ˈடா-த" என்று தாளத்தை மட்டும் முனகினாலும் போதும். பிறகு ஃபோனில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். கேட்கச் சகிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பேப்பர்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் "ப்"பில் காற்று கையில் பட வேண்டும், இரண்டாவதில் அவ்வளவாகப் படக் கூடாது. அழுத்தம் உள்ள அசையின் தொடக்கத்தில் க, ட, ப ஒலிகள் வந்தால் இப்படிக் காற்று வெளியேறும். இரண்டிலும் படவில்லை என்றால் நீங்கள் இன்னும் தமிழ் பேப்பரைத்தான் சொல்கிறீர்கள்.

சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டுவதையும் கவனியுங்கள். புக்கு, பஸ்ஸு, லைட்டு என்றால் ஓரசைச் சொல் ஈரசை ஆகிவிடுகிறது, தாளமும் கெட்டுவிடுகிறது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு சேர்த்துவிடுங்கள்: "லைட் ஆன்" என்பதை "லைட்டான்" என்று. "ஐ ஆம்" என்பது "ஐயம்" ஆவதும், "கோ ஆன்" என்பது "கோவான்" ஆவதும் நமக்கு உடம்படுமெய்யாகப் பள்ளியிலேயே தெரிந்த சங்கதி.

வெளிநாட்டுக்காரர்கள் என் பெயரை வேறு இடத்தில் அழுத்துகிறார்களே, நானும் அப்படியே சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஆங்கிலம் பேசுபவரால் ஒரு பெயரை ஏதாவது ஓர் அசையை அழுத்தாமல் சொல்லவே முடியாது. அவர்கள் வாய்ப் பழக்கம் அது. நீங்கள் உங்கள் பெயரை உங்கள் வீட்டில் சொல்வது போலவே, கொஞ்சம் மெதுவாக, அசை பிரித்து ஒருமுறை சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்கள் பாடு.